பன்னிரண்டு தறிக்காரர்களின் மூளைக் கடிகாரம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குப்புசாமியின் மூளையைப் பற்றித் தெரியாதவர் யாரும் கிடையாது. தெரியாமல் இருக்க அவர் யாரையும் விட்டதில்லை. வயது அறுபத்தாறு, ஐம்பது வருடமாகப் பட்டுத் தறி, சர்க்கரை கிடையாது, பிரஷர் லேசாக, மூளை மட்டும் உலகத் தரம். இந்தக் கடைசி விஷயம் அவராகச் சொல்லிக்கொண்டது அல்ல. அவருடைய மகள் கலைவாணி அதை இங்கிலீஷில் எழுதி, வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அச்சிட்டு, அதை இருநூற்றுப் பதினான்கு பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். இது போன பங்குனி நிலவரம்.

கலைவாணி மூளை ஆராய்ச்சிக்காரி. சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. வேலை என்றால் நிரந்தர வேலை இல்லை. வருஷா வருஷம் நீட்டித்துத் தருவார்கள். நீட்டிக்கும் மாதம் வந்தால் வீட்டில் எல்லோரும் குமரக்கோட்டம் முருகன் கோயிலுக்கு நடையாக நடப்பார்கள். முப்பத்தேழு வயதுக்குள் ஒன்பது கட்டுரை எழுதியிருந்தாள். அதில் எட்டு, எலிகளைப் பற்றியவை. எட்டையும் சேர்த்து இருபத்து மூன்று பேர்தான் மேற்கோள் காட்டியிருந்தார்கள். எலி மேல் உலகத்துக்கு அவ்வளவுதான் அக்கறை. ஒன்பதாவது கட்டுரை, காஞ்சிபுரம் பட்டு நெசவாளர்களின் மூளைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்றது. அதுதான் அவளைத் தூக்கி நிறுத்தியது.

தினமும் காலையில் குப்புசாமி இளவரசனின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போனில் மகள் பேரில் இருக்கும் பக்கத்தைத் திறந்து, அன்றைய எண்ணைக் கடைக்கே கேட்கும்படி படிப்பார். ஏறியிருந்தால் இரண்டாவது டீ. ஏறாவிட்டால் நெட்வொர்க் சரியில்லை என்பார்.

"சைட்டேஷன், சைட்டேஷன்னு சொல்லிக்கினே இருக்கியே, அப்படின்னா இன்னாண்ணே?" என்று ஒரு நாள் இளவரசன் கேட்டார்.

"வேற ஒருத்தரு எதுனா எழுதறப்போ, இதை இன்னார் ஏற்கெனவே கண்டுபிடிச்சிருக்காங்கன்னு நம்ம பொண்ணு பேரைப் போடறது."

"படிச்சுட்டுத்தானே போடுவாங்க?"

இதே கேள்வியைக் குப்புசாமி மகளிடம் கேட்டிருந்தார். அவள் சிரித்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகைல பேரு போடறோம் இல்ல, அந்த மாதிரிதான்பா. சில பேரை மரியாதைக்கு, சில பேரைப் பயந்துக்கினு, சில பேரை எல்லாரும் போட்டாங்களேன்னு" என்று சொல்லியிருந்தாள். குப்புசாமி அதையெல்லாம் டீக்கடைக்குக் கொண்டுவரவில்லை. "வரி விடாம படிப்பாங்க" என்றார்.

எச்-இன்டெக்ஸ் என்று ஒன்று உண்டு. எழுதியவரின் மொத்தச் செல்வாக்கை ஒரே எண்ணில் சொல்வது. கலைவாணியின் எச்-இன்டெக்ஸ் நான்கு என்று குப்புசாமி ஒரு நாள் பெருமையாக அறிவித்தபோது, இளவரசன் அதைச் சர்க்கரைக்கான ரத்தப் பரிசோதனை என்று எடுத்துக்கொண்டு, "ரொம்ப கம்மியா இருக்குதே, பொண்ணு ஒழுங்கா சாப்பிடுதா? எனக்கு எட்டு. டாக்டரு மாத்திரைய ஏத்திட்டாரு" என்றார். அன்றிலிருந்து எச்-இன்டெக்ஸைப் பற்றிக் குப்புசாமி வெளியில் பேசுவதில்லை.

அந்த ஒன்பதாவது கட்டுரை பிறந்தது குப்புசாமி வீட்டில்தான். ஐந்து வருடத்துக்கு முன்னால் கலைவாணி ஒரு பெட்டி நிறையக் கருவிகளோடு வந்தாள். சோதனை எளிமையானது. தலையில் கம்பிகள் பதித்த குல்லாய் ஒன்றை மாட்டுவாள். காதில் டொக், டொக் என்று ஒரே சீரில் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தோடு சேர்ந்து விரலால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். இருபது தடவைக்குப் பிறகு சத்தம் நின்றுவிடும். ஆனால் விரல் நிற்கக் கூடாது. அதே வேகத்தில் இரண்டு நிமிடம் தானாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். சாதாரண மனிதர்களுக்குப் போகப் போக வேகம் கூடும், இல்லாவிட்டால் குறையும். நெசவாளர்களுக்கு எப்படி என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

லேபுக்கு வரச் சொன்னால் தறிக்காரர்கள் வர மாட்டார்கள். அதனால் தறி இருக்கும் அறையிலேயே, தறிப் பலகையில் உட்கார வைத்துச் சோதனை. பக்கத்தில் ஆள் நின்றால் கவனம் சிதறும் என்று கலைவாணி கதவைச் சாத்திவிட்டு, முன்னறையில் லேப்டாப் எதிரில் உட்கார்ந்துகொள்வாள். முதல் ஆள் குப்புசாமி. குல்லாயை மாட்டியதுமே அவருக்கு வியர்த்துவிட்டது. இத்தனை வருட அனுபவத்தை மகள் அளந்து பார்க்கப்போகிறாள், அதில் தோற்றுவிட்டால் தெருவில் எப்படி நடப்பது?

தோட்டத்துப் பக்கக் கதவு வழியாக அவர் மனைவி ஏலவார்குழலி காபியோடு வந்தார். "கூடவே இருடி" என்றார் குப்புசாமி.

இதில் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், பார்டர் வேறு நிறம். இரண்டையும் ஒவ்வொரு இழையிலும் கோத்துக்கொண்டே நெய்ய வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. இடது பக்கமும் நடுவும் ஒருவர், வலது பார்டருக்கு இன்னொருவர். அந்த இன்னொருவர் முப்பத்தெட்டு வருடமாக ஏலவார்குழலி. கோர்வைத் தறியில் யாரும் தனியாக உட்கார்ந்ததே கிடையாது. துணைக்கு ஆள் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது வந்து கைகொடுப்பார்கள். அதைப் பெரிய உதவி என்றுகூட யாரும் நினைப்பதில்லை.

ஏலவார்குழலி தன்னுடைய வழக்கமான இடத்தில், பலகையின் வலது ஓரத்தில் உட்கார்ந்தார். கணவருடைய விரல் இருபது தடவை தட்டியதைப் பார்த்தார். சத்தம் நின்றதும் குப்புசாமியின் முகம் வெளிறுவதையும் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் சுண்டு விரலால் பலகையில் மெல்லத் தட்ட ஆரம்பித்தார். பலகை வழியாக அந்தத் தட்டு குப்புசாமியின் தொடைக்கு வந்தது. அவருடைய விரல் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடமும் பிசகாமல் போனது.

"அப்பா, இது எப்படிப்பா முடிஞ்சுது?" என்று கதவைத் திறந்துகொண்டு வந்த கலைவாணியின் கண்கள் விரிந்திருந்தன.

"கை பழக்கம்மா" என்றார் குப்புசாமி.

அடுத்தது எதிர்வீட்டு ராமராஜன். அவர் உள்ளே போகும்போதே, "அக்கா, எனக்கும் செத்த கூட இரு" என்றார். ஏலவார்குழலி இருந்தார். அடுத்தவருக்கும் இருந்தார். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு இதை மட்டும் இல்லை என்பது மரியாதையா? இரண்டு நாளில் பன்னிரண்டு பேர் முடிந்தது. பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி, கடிகார முள் தோற்கும் அளவுக்கு.

அது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. கலைவாணி படித்துக் காட்டிய தாளில், கடிகாரம் பார்க்கக் கூடாது, காலைத் தட்டக் கூடாது, பாட்டு முணுமுணுக்கக் கூடாது, மனசுக்குள் எண்ணக் கூடாது என்றெல்லாம் இருந்தது. ஒருவர்கூட ஒரு விதியையும் மீறவில்லை. துணைக்கு ஆள் இருக்கக் கூடாது என்று அந்தத் தாளில் இல்லை. அப்படி ஒரு விதி உலகத்தில் இருக்கும் என்று அவர்கள் கனவிலும் நினைக்கவில்லை.

குப்புசாமிக்கு உறைத்தது ஒன்றரை வருடம் கழித்து. கட்டுரை வெளியாகி, தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் அதைப் பற்றிச் செய்தி வந்தது. 'வெளியிலிருந்து எந்தத் தூண்டுதலும் இன்றி, இவர்களின் மூளை தானாகவே நேரத்தை அளக்கிறது' என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டு மனைவியைப் பார்த்தார். ஏலவார்குழலி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அடியே, அது நீ தட்டினதில்ல?"

"எது?"

"ஒண்ணுமில்ல."

அதற்குள் முப்பத்தொரு பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். மகளைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று போனை எடுத்தார். அவள் முந்திக்கொண்டு, "அப்பா, ஜப்பான்காரங்க போட்டிருக்காங்கபா" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தில் அவர் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் ஐம்பது ஆனது, நூறு ஆனது. ஒவ்வொன்று ஏறும்போதும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. டீக்கடையில் அவர் அவ்வளவு சத்தமாகப் படித்ததற்கு, பெருமை பாதி, உள்ளுக்குள் அரித்ததை அமுக்கிவைக்க மீதி.

இந்த வருடம் கலைவாணிக்கு நல்ல காலம் வந்தது. பெங்களூரில் நிரந்தர வேலை ஒன்றுக்கு நேர்காணல் வரை போய்விட்டாள். அங்கிருந்த பெரியவர்கள், "உங்கள் நெசவாளர் கட்டுரை அருமை. அதே ஆட்களை, சத்தம் புகாத அறையில் ஒருமுறை சோதித்துக் காட்டிவிட்டால் வேலை உங்களுக்குத்தான்" என்று சொல்லி அனுப்பினார்கள். கலைவாணி குதித்துக்கொண்டு போன் செய்தாள். குப்புசாமி நாளைத் தள்ளிப்போடக் காரணம் தேடினார்.

பங்குனி உத்திரம் முடியட்டும் என்றார். முடிந்தது. முகூர்த்தச் சேலை தறியில் இருக்கிறது என்றார். அறுத்துக் கொடுத்தாகிவிட்டது. இடுப்பு வலி என்றார். உட்கார்ந்துதானே செய்யப் போகிறாய் என்றாள் மகள். கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலையில் வேன் வாசலுக்கே வந்துவிட்டது. பன்னிரண்டு பேரும் சலவை வேட்டியில் ஏறினார்கள்.

வேன் கிளம்பியதும் ராமராஜன் திரும்பிப் பார்த்து, "அக்கா வரலையா?" என்றார்.

"அவளைக் கூப்பிடலையே."

"அக்கா இல்லாம எப்படிண்ணே?"

குப்புசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சென்னை ஆராய்ச்சி நிலையத்தின் சத்தம் புகாத அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் ஒரு சத்தமும் கிடையாது. தன் எச்சிலைத் தானே விழுங்குவது குப்புசாமிக்கு இடி மாதிரி கேட்டது. டொக், டொக் என்று வந்து நின்றது. அவர் தொடர்ந்து அழுத்தினார். அரை நிமிடத்தில் எதைத் தொடர்கிறோம் என்பதே மறந்துபோனது. அனிச்சையாக வலது பக்கம் பார்த்தார். வெறும் சுவர். அதன் பிறகு விரல் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி ஓடியது. ராமராஜன் நேர் எதிர்; நடுவில் தூங்கியே விட்டாரோ என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெதுவாகப் போனார். பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு திசையில் போனார்கள்.

கலைவாணி கம்பிகளைக் கழற்றி மாட்டினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். சாயங்காலம் எல்லோரையும் உட்காரவைத்து, "மெஷின்ல ஏதோ கோளாறு. இன்னிக்கு எடுத்ததெல்லாம் வேணாம், தூக்கிப் போட்டுடறேன். அடுத்த வாரம் வேற மெஷின் வச்சுப் பாத்துக்கலாம்" என்றாள்.

பதினோரு பேரும் பெரிய மூச்சு விட்டார்கள். குப்புசாமிக்கும் ஒரு நொடி அப்பாடா என்றுதான் இருந்தது. தலையை ஆட்டினால் போதும், இன்னும் ஒரு வாரம் கிடைக்கும். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் அந்தக் கம்பிகளையே வெறித்துக்கொண்டிருந்தாள். இல்லாத கோளாறைத் தேடி இவள் ராத்திரி பகலாக அலைவாள் என்பது அவருக்குத் தெரியும். பெற்றவனால் அதைத் தாங்க முடியவில்லை.

"மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா" என்றார். "அன்னிக்கு உங்கம்மா பலகையைத் தட்டிக்கினு இருந்தா. நாங்க அதைப் புடிச்சிக்கினு போனோம்."

"யாருக்கு? உனக்கா?"

குப்புசாமி பதில் சொல்வதற்குள் ராமராஜன் நல்லெண்ணத்தோடு, "எல்லாருக்கும்மா. அக்கா பாரபட்சம் பாக்கலை" என்றார்.

கலைவாணி அழவில்லை, கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "அப்போ பன்னெண்டு பேரு இல்ல. ஒரே ஆளு" என்றாள். பிறகு, "எத்தனை வருஷமா உனக்குத் தெரியும்?" என்று மட்டும் அப்பாவைக் கேட்டாள். அவர் மூன்றரை என்றார். பத்து நாள் அவள் அவரோடு பேசவில்லை. டீக்கடைக்கும் அவர் போகவில்லை. இளவரசன் வீட்டுக்கே வந்து, நெட்வொர்க் இன்னும் சரியாகவில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பதினோராவது நாள் மகள் போன் செய்தது அம்மாவுக்கு. ஏலவார்குழலி நல்ல சேலை கட்டிக்கொண்டு சென்னைக்குப் போனார். காவலாக, வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, குப்புசாமியும் போனார். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் கலைவாணியின் பேனா நின்றது.

"வீட்டு வேலைன்னு போடும்மா. ரேஷன் கார்டுல அப்படித்தான் இருக்குது" என்றார் ஏலவார்குழலி.

கலைவாணி 'நெசவாளர்' என்று எழுதினாள். உள்ளே போன ஏலவார்குழலி இரண்டு நிமிடம் அல்ல, யாரும் நிறுத்தச் சொல்லாததால் பதினோரு நிமிடம் தட்டினார். முதல் தட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் இடையில் வேகத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. அங்கே வேலை பார்க்கும் பையன்கள் எழுந்து நின்று திரையைப் பார்த்தார்கள். வெளியே வந்தவர், "ரூம்ல ஒரு ஃபேன் போடக் கூடாதா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய கட்டுரையைக் கலைவாணி திரும்பப் பெற்றாள். பெங்களூர் வேலை இந்த வருடம் இல்லை என்று ஆனது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மரியாதையாகச் சொன்னார்கள், கிடைக்குமா என்பது கடவுளுக்கே வெளிச்சம். கட்டுரையின் தலைமாட்டில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று கொட்டை எழுத்தில் சிவப்பாகப் போட்டிருக்கிறது. அப்படியும் எண்ணிக்கை இன்று இருநூற்று நாற்பதைத் தாண்டிவிட்டது. வரி விடாமல் படிக்கிறவர்களின் லட்சணம் அது.

திரும்பப் பெறும் கடிதத்தைக் கலைவாணி காஞ்சிபுரம் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்தில் லேப்டாப். பக்கத்தில் குப்புசாமி, குற்றவாளிக்குரிய அடக்கத்தோடு. பழைய கட்டுரையில் எது எது தப்பு என்று வரி வரியாகக் குறிக்க வேண்டும். அப்பாவும் சரிபார்க்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். பன்னிரண்டு பேர் என்பது சரி. தறி இருந்த அறை என்பது சரி.

"சோதனை நடந்தப்போ அறையில் வேற யாரும் இல்லை" என்று அடுத்த வரியைச் சொன்னாள்.

உலை வைக்க அரிசி களைந்துகொண்டிருந்த ஏலவார்குழலி நிமிர்ந்து பார்த்தார். "யாரும் இல்லன்னா எழுதியிருக்கே?"

"ஆமாம்மா."

"ரெண்டு நாளும் நான் அங்கதானே இருந்தேன்."

"நான் பாக்கலம்மா."

"பாத்தியே. நாலு வாட்டி என் கையால காபி வாங்கிக் குடிச்சியே."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். நடந்ததைச் சொல்கிற குரல். கலைவாணிக்கு முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குப்புசாமிக்கு அதைவிட மோசமாக இருந்தது. மகள் இரண்டு நாள்தான் பார்க்கவில்லை. அவர் ஊரெல்லாம் தன் மூளையைப் பற்றிப் பேசிய நாட்கள் எத்தனை என்று அவருக்கே தெரியாது. வெட்கத்தில் அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கலைவாணி அந்த வரியை அழித்தாள். கொஞ்சம் யோசித்து வேறு ஒன்று அடித்தாள்.

"இன்னாம்மா போட்டே?" என்றார் குப்புசாமி.

"அறையில் ஆய்வாளரின் அம்மா இருந்தார்னு போட்டிருக்கேன்."

அரிசியைக் கீழே வைத்துவிட்டு ஏலவார்குழலி ஈரக் கையோடு வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனாலும் மகள் காட்டிய வரியை முழுசாக ஒரு தடவை பார்த்தார்.

"அம்மான்னா எந்த அம்மான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "பேரைப் போடு."